டோக்கியோவில் 'அம்மா' என்று கூப்பிட்டால்

1

கோபேயில் மறுபடியும் அந்த லீவு வந்துவிட்டது. வசந்தம் முடிகிற சமயத்தில் இந்த நாட்டில் அரசு விடுமுறைகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஆபீசுக்குப் பூட்டு. ஆண் பிள்ளை இருக்கிற வீடுகளில் உயரமாகக் கம்பம் நட்டு, துணியில் தைத்த பெரிய மீன்களைப் பறக்கவிடுகிறார்கள். காற்று வாய்க்குள் புகுந்தால் மீன் உப்பும், காற்று நின்றால் தொங்கும். ஊரில் இருக்கிற உங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு அது கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரிதான்.

போன வருஷம் இதே லீவில் டோக்கியோவில் இருந்தேன். ஏகாம்பரத்தோடு ஊர் சுற்றப் போயிருந்தேன். டோக்கியோவைப் பற்றி எழுது எழுது என்று காஞ்சிபுரத்திலிருந்து நச்சரித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அங்கிருக்கிற கோபுரமும் வேக ரயிலும் படம் போட்ட புத்தகத்திலேயே கிடைக்கும், அதற்கு நான் எதற்கு? அந்த ஊரில் ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டு வந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன், பேர் வரதன். நெசவு வீட்டுப் பிள்ளை. தறிக் குழியில் உட்கார்ந்தால் இவனுக்குத் தூக்கம்தான் வருகிறது என்று என்னைக் கணக்கு படிக்க அனுப்பினார்கள். அந்தக் கணக்கு என்னைக் கப்பலேற்றி, கோபேயில் ஒரு இந்தியத் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார வைத்தது. ஏகாம்பரம் பிள்ளையார்பாளையம். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. மெட்ராசில் அவன் வேலை செய்கிற சாயக் கம்பெனி, தொழில் பழக அவனை டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஆறு மாதம் அனுப்பியிருந்தது.

2

நான் டோக்கியோவுக்குப் போனது ஊர் பார்க்க மட்டும் இல்லை. வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கு யோசிக்கவும்தான் போனேன்.

என் மனைவி சரோஜா திருப்புட்குழிப் பெண். மகள் மல்லிகாவுக்கு அப்போது ஏழு வயது. இங்கே வரும்போது கைக்குழந்தை. பக்கத்திலிருக்கிற ஜப்பான் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். இவர்கள் நாக்குக்கு 'ல' வராது, அதனால் அங்கே அவள் மரிக்கா. மரிக்கா என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்புவாள். மல்லிகா என்று கூப்பிட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புவாள்.

என்னை அவள் நைனா என்பாள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் தகப்பன் எல்லா வீட்டிலும் நைனாதான். இந்த ஊர்ப் பேச்சிலும் 'நைனா' என்று ஒன்று உண்டு. 'இல்லையே' என்று அர்த்தம். தேடிய பொருள் கிடைக்காவிட்டால் அலமாரியைப் பார்த்து அப்படிச் சொல்வார்கள். விடிந்ததும் போய் இருட்டியபின் வீடு திரும்புகிற தகப்பனுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது என்று ஆபீசில் என்னைக் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஒருநாள் சாயங்காலம் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே சரோஜா கேட்டாள்: "ஏங்க, மல்லிகா என்னை அம்மான்னு கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சுது? கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கவனித்தேன். உண்மைதான். வெளியே ஆள் இருந்தால் ஜப்பான் முறையில் 'ஓகாசான்' என்றாள். வீட்டுக்குள் அதுவும் இல்லை. தாயின் பக்கத்தில் வந்து நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை நேராகச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். இங்கே வீட்டுக்கு வீடு பலகைச் சுவர், ஜன்னலுக்குக் காகிதம். பக்கத்து வீட்டுக் கிழவர் தும்மினால் நாம் 'நூறாயுசு' சொல்லலாம். அத்தனை நெருக்கத்தில் அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போறோம். அங்க பள்ளிக்கூடத்துல சேத்துடறேன். நீங்க கப்பலுக்குச் சொல்லுங்க" என்றாள் சரோஜா.

இது எல்லா வெளிநாட்டு வீட்டிலும் நடப்பதுதான், பிள்ளைகள் அந்தந்த நாட்டு மொழிக்குப் போய்விடும், பெற்றவர்கள் மூக்கைச் சிந்துவார்கள், பிறகு பழகிவிடும் என்று எனக்குத் தெரிந்த ஞானத்தை எடுத்துவிட்டேன். அவள் முள்ளங்கியை நறுக்கி முடித்தாள். கப்பல் ஏஜெண்டு வேறு, இரண்டு இடம் எடுத்து வைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். லீவு முடிந்ததும் சொல்கிறேன் என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

"ஏகாம்பரண்ணன் கூப்பிடறார் இல்ல, போய்ட்டு வாங்க. யோசிச்சிக்கினு வாங்க" என்று அவளே என்னை அனுப்பி வைத்தாள். ரயிலுக்குப் புறப்பட்டபோது வழியனுப்ப மூன்று பேருமாகத் தெருமுனை வரைக்கும் நடந்தோம். அங்கே நாலு பையன்கள் எங்களைப் பார்த்து, முஷ்டியை மடக்கித் தங்கள் தோளில் தாங்களே மாறி மாறித் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். இந்த ஊர் விளையாட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மல்லிகா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

3

உவேனோ ஸ்டேஷன் வாசலில் ஏகாம்பரம் கறுப்புக் குடையோடு நின்றுகொண்டிருந்தான். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

"இன்னாடா, சின்ன காஞ்சிபுரம், எளச்சிட்ட" என்றான்.

"பெரிய காஞ்சிபுரம் மட்டும் கொழுத்துக் கெடக்குதா" என்றேன். எங்கள் ஊரில் சிவன் பக்கத்துக்காரனும் பெருமாள் பக்கத்துக்காரனும் சந்தித்தால் இப்படித்தான் தொடங்கும்.

அசாகுசாவில் ஒரு பெரிய கோயில். வாசலில் ஆளைவிடப் பெரிய சிவப்புக் காகித விளக்கு, உள்ளே போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் கடை. "இது நம்ம சன்னதித் தெருடா" என்று ஏகாம்பரம் அப்போதே அந்த ஊரைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொண்டான். முற்றத்தில் ஒரு பெரிய வெண்கலச் சட்டியில் ஊதுவத்திப் புகை. வலிக்கிற இடத்தில் அந்தப் புகையைத் தள்ளிவிட்டுக்கொண்டால் குணமாகுமாம். எல்லோரும் தலையில் தள்ளிக்கொண்டார்கள். இவன் வேட்டி கட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டி, முட்டிக்குப் புகை காட்டினான்.

பழைய புத்தகக் கடைகள் மட்டுமே இருக்கிற ஒரு தெரு, துணிக் கடைகள் மட்டுமே இருக்கிற ஒரு தெரு. துணித் தெருவில் இவனைக் கட்டி இழுக்க வேண்டியிருந்தது. கடைக்குக் கடை துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே துணியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். "சாயம் கைல வர்ல. நல்ல சாயந்தான்" என்று ஒவ்வொரு கடையிலும் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தான்.

டோக்கியோவில் தெருவுக்குப் பேர் கிடையாது, பெரிய சாலைகளைத் தவிர. வட்டாரத்துக்குப் பேர், அதற்குள் வீட்டுக்கு எண். அந்த எண்ணும் வரிசையாக வராது. நாங்கள் தங்கவேண்டிய சத்திரத்தைத் தேடிப் போனால் மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் பதினேழு, அதற்குப் பக்கத்தில் எட்டு. மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்கடை மாதிரி இருந்த போலீஸ் சாவடியில் கேட்டேன். எந்த வீடு முதலில் கட்டப்பட்டதோ அதற்கு முதல் எண்; எண் அந்த வரிசைப்படி என்று போலீஸ்காரர் பொறுமையாகச் சொன்னார்.

"ஓகோ, மூத்தது எளயது கணக்கா? நம்ம வீட்டுப் பசங்களுக்கு மாதிரி" என்றான் ஏகாம்பரம். "ஆனா வரதா, இது சிக்கு விழுந்த பாவுடா. முனையைப் புட்ச்சி இழுத்தா ஜாஸ்தியாத்தான் சிக்கும். பொறுமையா உக்காந்து பாக்கணும்." தறியில் பூட்டுகிற நீள நூலை எங்கள் பக்கத்தில் பாவு என்போம்.

உட்கார்ந்து பார்க்க உவேனோவில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில்தான் அவனிடம் சரோஜா கேட்டதைச் சொன்னேன். அவன் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கேட்டான்.

"எங்க அம்மாவை நான் இன்னான்னு கூப்ட்டேன், ஞாபகம் இருக்குதா ஒனக்கு?"

ஞாபகம் இருந்தது. அண்ணி என்பான். அவர்கள் வீட்டில் சித்தப்பாமார் மூன்று பேர், எல்லோரும் கூட்டுக் குடித்தனம். மூன்று பேரும் அவளை அண்ணி அண்ணி என்று கூப்பிட, குழந்தையும் அதையே பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இது சகஜம். தாயை அக்கா என்று கூப்பிடுகிற பிள்ளைகளும் உண்டு.

"சாவற வரைக்கும் அண்ணிதான். கொள்ளி வெக்கறப்பகூட வாய்ல அண்ணின்னுதான் வந்துச்சி. அதுக்காக அவங்க எனக்கு அம்மா இல்லாமப் பூட்டாங்களா? சரோஜா கிட்ட சொல்லு. பேருல இன்னா கீது."

சொல்லலாம். ஆனால் அவன் வாய் பழகிய சொல்லை அவன் விடவே இல்லை. என் மகள் பழகியதை விட்டிருந்தாள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குப் பட்டது, அதை அவனிடம் சொல்லவில்லை.

4

சத்திரத்தை நடத்துகிற அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். மண்டியிட்டுக் கதவைத் திறப்பாள், மண்டியிட்டுத் தேநீர் வைப்பாள். ஏகாம்பரத்துக்கு இது பொறுக்கவில்லை. வயசான பொம்பளை நம் காலடியில் உட்காருவதாவது என்று அவள் வரும்போதெல்லாம் எழுந்து நின்றான். அவன் எழுந்தால் அவள் மறுபடியும் குனிந்தாள். அவர்களுக்குள் இது ஒரு முடிவுக்கு வரவே இல்லை.

நாள் முழுக்க நடந்ததில் அவனுக்குக் கால் வீங்கிவிட்டது. சாப்பாட்டுத் தட்டை எடுக்க அவள் வந்தபோது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, பச்சைத் தமிழில், "அம்மா, காலு வலிக்குதும்மா. கொஞ்சம் வெந்நீர் குடும்மா" என்றான்.

அவள் அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அம்மா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"ஆமாம்மா."

"அம்மா" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

"பாத்தியா, தாயுள்ளம். பாஷையே வாணாம்டா" என்றான் என்னிடம்.

சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது. வெந்நீர் வரவில்லை. வெள்ளை மேலங்கி, கறுப்புக் கண்ணாடி, கையில் கோல், பார்வையில்லாத ஒரு மனிதர். வணங்கிவிட்டு, கையால் பாயைத் தடவிக்கொண்டே வந்து, ஏகாம்பரத்தைக் கண்டுபிடித்து, குப்புறப் புரட்டினார். "டேய், யார்றா இது, இன்னாடா பண்றார்" என்று அவன் பாயில் முகத்தைப் புதைத்தபடி கேட்டான். அவர் முழங்கையை அவன் தொடையில் ஊன்றினார். அதற்கப்புறம் இவன் கேட்டது ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே "அம்மா, அம்மா" என்று மட்டும் கேட்டது. ஒவ்வொரு அம்மாவுக்கும் அவர், "ஹை, ஹை" என்று, அதாவது 'சரி, சரி' என்று, இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

நான் வாசலில் நின்றிருந்த அம்மாளிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்தது வியாபார ஜப்பான் மொழி. கெஜம், பேல், பாக்கி எல்லாம் தெரியும். இது தெரியாது. அவள் விளக்கினாள். உடம்பு பிடித்துவிடுகிறவர்களுக்குப் பழைய பேர் 'அம்மா'. பெரும்பாலும் பார்வையில்லாதவர்கள் செய்கிற தொழில். மரியாதையாக 'அம்மா-சான்' என்பார்களாம். உங்கள் நண்பர் காலைக் காட்டி அத்தனை தடவை கேட்டாரே என்றாள். சொல்லிக்கொண்டே, எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று, முஷ்டியை மடக்கித் தன் தோளில் மாறி மாறித் தட்டிக் காட்டினாள்.

அந்த முஷ்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருமுனை நாலு பையன்களும் என் கண் முன்னால் வந்தார்கள்.

அவர் போனபின் ஏகாம்பரத்திடம் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், நானும் ஆரம்பித்தேன். வயிறு நோகிற வரைக்கும் சிரித்தோம். எனக்கு அது சிரிப்பு மட்டும் இல்லை. மூச்சு விட முடிந்தது. குழந்தை தாயை மறக்கவில்லை, தெருப் பையன்கள் கேலிக்கு வெட்கப்பட்டுச் சொல்லை விட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கா ஊரைவிட்டுப் போவார்கள்?

"டிக்கெட்டு வாணாம்னு சொல்லிடு. சரோஜா கேட்டுக்கினா அவளே சிரிப்பா" என்றான் ஏகாம்பரம்.

புறப்படுகிற அன்று சத்திரத்து அம்மாளிடம், எங்கள் மொழியில் அம்மா என்றால் ஓகாசான் என்று சொன்னேன். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஏகாம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு, "வர்றேம்மா" என்றான். அவள் நிமிர்ந்து நின்று, "ஹை" என்றாள். அந்த ஒரு முறை அவள் குனியவில்லை.

5

மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். மல்லிகா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். சரோஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கதையைத் தொடங்கிவிட்டேன். ஏகாம்பரம் குப்புறக் கிடந்ததை நடித்துக்கூடக் காட்டினேன். கடைசியில், "இதான் விஷயம். அந்தப் பசங்க கிண்டலுக்காக விட்டிருக்கா. வேற ஒண்ணும் இல்ல" என்று முடித்தேன்.

அவள் கையிலிருந்த பாவாடையை மடித்து முடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"மொதல் நாளே. கீரை வாங்கப் போனோம். நாலு பசங்க தோள்ல குத்திக்கினு 'அம்மா, அம்மா'ன்னு எம் பின்னாலயே வந்தாங்க. பக்கத்து வீட்டுக்குக் கண்ணு தெரியாதவர் ஒருத்தர் உடம்பு புடிக்க வருவாரு, அவரைக் கூப்பிடற பேருன்னு எனக்குத் தெரியும், பகல்ல நான்தானே வீட்ல இருக்கறேன். இவ ஒருத்தனைத் தள்ளிவிட்டுட்டா. அன்னையோட நிறுத்திட்டா. வீட்டுக்குள்ள கூப்ட்டாலும் சுவத்துக்கு அந்தாண்ட கேக்கும்னு அவளுக்குப் பயம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க. சிரிச்சிக்கினுதானே வந்தீங்க."

நான் உட்கார்ந்தேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள். கோபமாகப் பேசவில்லை, கடையில் விலை சொல்கிற மாதிரிதான் பேசினாள்.

"அவ என்னை மறந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன். மெதுவா ஞாபகப்படுத்தியிருப்பேன். மறக்கலீங்க. நான் சந்தி சிரிக்கக் கூடாதுன்னு கொழந்தை வாயைக் கட்டிக்கினு இருக்குது. ஏழு வயசுல பெத்தவளுக்குக் காவல் நிக்குது. அது வாணாம். அது வெறும் கொழந்தையா இருக்கட்டும்."

வெளியே மல்லிகாவின் குரல் கேட்டது. ஜப்பான் மொழியில் யாருக்கோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் வர்றீங்களா?" என்று சரோஜா கேட்டாள்.

ஊரில் எனக்கு என்ன வேலை கிடைக்கும், கம்பெனியோடு எழுதிக் கொடுத்த கெடு இன்னும் முடியவில்லையே என்று சொன்னேன். அத்தனையும் நிஜம். அவள் தலையாட்டினாள். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மறுநாள் ஏஜெண்டிடம் போய் இரண்டு இடத்துக்கும் சரி என்றேன்.

6

இந்த நாட்டை விட்டுப் போவதற்கும் ஒரு ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டும். அயல்நாட்டார் பதிவுப் புத்தகத்தைக் காட்டினோம். கண்ணாடி போட்ட அதிகாரி இரண்டு பேரின் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்துவிட்டு, திரும்பி வர அனுமதி வேண்டுமா என்று கேட்டார். போகும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்காமல் போனால் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டும் என்று எச்சரித்தார். நான் 'வேண்டும்' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இரிமாசென்" என்றாள் சரோஜா. தேவையில்லை என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு அரசாங்க ஆளிடம் நேராகப் பேசியது அந்த ஒரு சொல்தான். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. அதிகாரி முத்திரையை எடுத்தார்.

கப்பல் துறையில் மல்லிகாவின் பள்ளித் தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மரிக்கா, மரிக்கா என்று கை ஆட்டினார்கள். அவளும் ஆட்டினாள். ஏணியை எடுத்தார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் தெரிந்ததும், மேல்தட்டிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அம்மா, கயிறு பாரும்மா. தண்ணில வுழுந்துடுச்சி பாரு. அம்மா."

சுற்றி நின்ற ஜப்பான்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் கயிற்றைப் பார்த்தேன்.

7

ஏகாம்பரமும் ஊர் திரும்பிவிட்டான். போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருந்தான். இப்போது மல்லிகா எறும்பு கடித்தாலும் அம்மா, பென்சில் கூர் உடைந்தாலும் அம்மா என்று தெருமுனையிலிருந்தே கத்துகிறாளாம், காது கிழிகிறது என்று சரோஜா திட்டுகிறாளாம். இங்கிருந்து போன புதிதில் அவளுக்கு 'ல' வரவில்லை என்று அங்கத்துப் பிள்ளைகள் கிண்டல் செய்தார்களாம். அங்கே யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை, அதனால் அவள் திருப்பி அடித்துவிட்டு வந்துவிட்டாளாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒளிக்கவில்லை.

இந்த வருஷ லீவுக்கு நான் எங்கும் போகவில்லை. பகலில் வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. என் தெருவுக்கு இத்தனை சத்தம் உண்டு என்றே தெரியாது. சோயா தயிர்க்கட்டி விற்கிறவன் ஊதுகிற குழல், பாய் தட்டுகிற சத்தம், கம்பத்து மீன் படபடக்கிற சத்தம்.

சற்று முன்பு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, கோல் தட்டுகிற ஓசை எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் உள்ளிருந்து உரக்கக் கூப்பிட்டார்.

"அம்மா-சான்!"

என் தலை தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை.

"நைனா" என்று வாய்விட்டுச் சொன்னேன். எந்த பாஷையில் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.